கச்சான்

மார்ச் 14, சனி இரவு

கீழுதடு வீங்கிவிட்டது.

என்னிடம் பலகாரம் வாங்குகிற ஹவுன்ஸ்லோவில் குடியிருக்கிற மதுரைக்காரன் மத்தியானம் வந்தான். கதவைத் திறந்ததும் எள்ளுருண்டை டப்பாவை என் முகத்தில் எறிந்தான். "என் பொண்ணைக் கொல்லப் பாத்தியா?" என்று குசினிக்குள் புகுந்து தட்டுகளையெல்லாம் இழுத்துக் கொட்டினான். தடுக்கப் போன என் கணவரைச் சுவரோடு வைத்துக் கழுத்தை நெரித்தான். நான் இரும்பு உலக்கையால் அவன் தோளில் அடித்தேன். விடவில்லை. மறுபடி அடித்தேன். ரத்தம் வந்த பிறகுதான் விட்டான்.

எள்ளுருண்டையில் நிலக்கடலையும் இடித்துச் சேர்ப்பேன். பிள்ளைக்கு அது ஆகாதாம். நேற்று மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள் என்று டொக்டர் சொன்ன கையோடு இங்கே வந்திருக்கிறான்.

"லேபிளில எழுதித்தானே இருக்கு. வாசிக்கேல்லையோ?" என்று கத்தினேன்.

வீட்டில் செய்து விற்றாலும், ஒவ்வாத பொருள் இருந்தால் வாங்குகிறவருக்கு விளங்க எழுத வேண்டும் என்று சாப்பாடு சோதிக்க வந்த கவுன்சில்காரி சொல்லியிருந்தாள். வாங்குவது எல்லாம் தமிழர்தானே என்று தமிழில் எழுதினேன். எங்கள் ஊர்ப் பேச்சில் நிலக்கடலை கச்சான்தான். அப்படித்தான் எழுதினேன்.

அவன் தரையில் சரிந்து உட்கார்ந்தான்.

"படிச்சேன்க்கா. கச்சான்னா உங்க ஊர்ல எள்ளுன்னு நினைச்சு, நான்தான் ஊட்டிவிட்டேன்."