அம்மாவின் கூலி

வியாழன், இரவு.

தோட்டத்தை ஒட்டிய குத்தகை நிலத்தில் அப்பா போட்ட தீவனச் சோளம் விற்றாகிவிட்டது. இன்று கணக்குப் பார்த்தோம். அம்மா குரங்கு விரட்டியதற்கும் கதிர் உரித்ததற்கும் கூலி எழுதினேன். நட்டம் வந்தது.

"அவ வீட்டு ஆளுலா. அவளுக்கு எதுக்குடா சம்பளம்?" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். "சம்பளம் போட உங்கப்பா என்ன தோட்டத்து ஆபீஸ் கிராணியா? என் கூலிய எடுத்துடு ஐயா."

எடுத்தேன். லாபம் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் இதைச் சிறு விவசாயியின் திறன் என்று படித்தேன். அப்பா உடனே அடுத்த போகத்துக்கு விதைக்குச் சொல்லிவிட்டார்.

அம்மா வரும் திங்கட்கிழமை சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டியவள். வரமுடியாது என்று அவளே போன் செய்து சொன்னாள். மலாய் மொழியில், தணிந்த குரலில், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள்.