வெள்ளைக் கால்சட்டைக்கு ஒரு விலக்கு

3, செவ்வாய்

காலையில் தூறல். களத்து மணல் ஈரம். பிஸ்கட் இன்னும் வலது பக்கமே இழுக்கிறான். பதினேழு வயதுக் குதிரை, ஓய்வு பெற்ற பந்தயக்காரன். மேலே நாற்பத்தொன்பது வயதுப் பெண். யார் யாரை ஓட்டுகிறோம் என்பதில் தெளிவில்லை.

15, ஞாயிறு போட்டிக்கான உடை விதிகள் வந்துவிட்டன. கிளப் செயலாளர் மிஸ்டர் தர்மா அச்சடித்தே கொடுத்தார்:

கோட்டு, கறுப்பு அல்லது கருநீலம்.
கழுத்துத்துணி, வெள்ளை. நடுவில் ஊசி.
கையுறை, வெள்ளை.
தலைமுடி வலைக்குள். ஓர் இழைகூட வெளியே தெரியக்கூடாது.
பூட்ஸ் பளபளப்பாக. நகை கூடாது.
கால்சட்டை, வெள்ளை.

நான்கு நிமிட ஓட்டம். வேகத்துக்கு அல்ல, குதிரையின் நடைக்கும் பணிவுக்கும் மதிப்பெண். அதற்கு முன் பத்து நிமிடம் தோற்றப் பரிசோதனை, தனி மதிப்பெண். நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று பிஸ்கட்டுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் கிளப்பில் யாரும் சிரிப்பதில்லை.

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

மாதாமாதம் வர வேண்டியது. கடந்த ஐந்து இடைவெளிகள், நாட்களில்: 24, 41, 19, 37, 22. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் ஓர் ஒழுங்கும் இல்லை. வரும்போது முன்னறிவிப்பு இல்லை, அளவும் இல்லை. போன மாதம் விரிவுரைக்கு நடுவில். கறுப்புப் பாவாடை, தப்பித்தேன்.

போன வருடப் போட்டிக்கு முதுகு வலி என்று சொல்லி விலகினேன். இந்த வருடம் அது முடியாது. பிஸ்கட்டுக்கு இதுதான் கடைசிப் போட்டி, மருத்துவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு மேய்ச்சல் மட்டும்.

5, வியாழன்

விடைத்தாள் 40 பாக்கி. கார் பேட்டரி மாற்ற வேண்டும்.

மாலை ஜெலுத்தோங், அக்கா வீடு. கோட்டுக் கையைக் குட்டையாக்கித் தருகிறாள். கால்சட்டையையும் போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஐயோ கடவுளே. இது சிலுவாரா, தோலா?"

"ரூல்ஸ் அப்படிக்கா."

"ஐம்பது வரப்போகுது. எல்லாம் தெரியுது லா. கோயிலுக்குப் போறதுக்கே நாள் பார்த்துத்தான் போறோம். நீ குதிரைக்கும் நாள் பார்க்கணும்."

"நாள் பார்க்க முடியல. அதான் பிரச்சினையே."

வாயில் இரண்டு குண்டூசியுடன் என்னைப் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டு, "எனக்கு ரெண்டு வருஷம் அப்படி இருந்துச்சு" என்றாள். என்னிடம் அவள் சொன்னதேயில்லை. நானும் கேட்டதில்லை.

"கறுப்பு போட்டுக்க."

"விடமாட்டாங்க."

"கேட்டியா?"

கேட்கவில்லை.

8, ஞாயிறு

கடும் வெயில். லாயத்தில் ஒத்திகை. செல்வி பிஸ்கட்டின் பிடரி மயிரைப் பின்னிப் பார்த்தாள். பதினொரு முடிச்சு, சீராக. அவள்தான் லாயத்துக் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவள். பாகான் டாலாமிலிருந்து முதல் ஃபெரியில் வருகிறாள்.

என் பூட்ஸைத் தூக்கிப் பார்த்தாள்.

"உள்பக்கமும் பாலிஷ் போட்டீங்களாக்கா?"

"முழுசா பளபளன்னு இருக்கணும்னு போட்டிருக்கே."

"சேணத்துல உரசுற பக்கம் போடுவாங்களா? வழுக்கும். சேணமெல்லாம் கறுப்பாகும். படிச்சவங்க லா நீங்க."

துடைத்தேன். அரை மணி நேரம். அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டே, திரும்பாமல்:

"போன வருஷம் முதுகு வலின்னீங்க."

"ஆமாம்."

"ஒத்திகை அன்னிக்கு நீங்க இறங்கிப் போனப்புறம் சேணத்தைத் துடைச்சது யாரு? நான்தானே."

பிஸ்கட் தும்மினான்.

"கருநீலம் கேளுங்க. வாய் இருக்குல்ல?"

10, செவ்வாய்

கேட்டேன். மிஸ்டர் தர்மா அன்பாகத்தான் பேசினார்.

நடைமுறை இது: விலக்கு வேண்டுமென்றால் காரணத்துடன் கடிதம். செயலாளரே அனுமதிக்கலாம். ஆனால் போட்டி முடியும் வரை கடிதம் அறிவிப்புப் பலகையில் இருக்கும். எல்லாரும் பார்க்க. பின்னால் யாரும் ஆட்சேபிக்கக் கூடாது என்பதற்காக. எப்போதோ ஒருவர் பழுப்பு பூட்ஸ் போட்டு வந்து பெரிய சண்டை, அன்றிலிருந்து இப்படியாம். இப்போது பலகையில் ஒன்று இருக்கிறது. ஒருவருக்குக் கையில் தோல் அரிப்பு, கையுறை விலக்கு.

"போன வருஷம் கோட்டு வேணாம்னு எல்லாருக்கும் சொன்னீங்களே, அதுக்குக் கடிதம்?"

"அது வெயில், டாக்டர். வெயிலுக்கு எதுக்குக் கடிதம்? எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம்."

"சரி."

"உங்க காரணம் என்ன?"

"எழுதித் தர்றேன்."

11, புதன்

மழை. கெலுகோர் முழுவதும் நெரிசல். வீடு வர ஒன்றரை மணி நேரம்.

வரைவுகள்:

1. மருத்துவக் காரணத்தால். உண்மை. சான்றிதழ் கேட்பார்கள், அதையும் ஒட்டுவார்கள்.
2. தனிப்பட்ட காரணத்தால். இப்படி எழுதிய ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
3. வெள்ளைத் துணி ஒவ்வாமை. பொய். கழுத்திலும் கையிலும் வெள்ளையோடுதான் நிற்பேன்.
4. முதுகு வலி.

சோறு ஆறிவிட்டது. சாப்பிட்ட பிறகு ஐந்தாவது. ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். தமிழில் இப்படி வரும்: எனக்கு மாதவிடாய் நிற்கும் வயது. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. கருநீலக் கால்சட்டை அணிய அனுமதி வேண்டும்.

எழுத நான்கு நிமிடம் ஆனது. ஓட்டமும் அவ்வளவுதான்.

12, வியாழன்

கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"இதைப் போய் போர்டுல... டாக்டர், நான் ஃபைல்லயே வச்சுக்கிறேன். அனுமதி உண்டு. யாருக்கும் தெரிய வேணாம்."

நல்ல மனிதர். சரி என்று வாய்வரை வந்தது. ஃபைலை அவர் இழுப்பறையில் வைப்பதுவரை மனதில் பார்த்துவிட்டேன்.

"யாராவது ஆட்சேபிச்சா?"

"ஆட்சேபிச்சா... கஷ்டம்தான். விதின்னு ஒண்ணு இருக்கில்ல."

"அப்போ போர்டுலயே போடுங்க."

குண்டூசி தேடினார். மேசை, அலமாரி, மறுபடி மேசை. கிடைக்கவில்லை, அல்லது கிடைக்கக் கூடாது என்று தேடினார். பையில் தையல் முடிந்த கோட்டுடன் கழுத்துத்துணி ஊசியும் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

பலகைப் பக்கம் திரும்பாமல் வந்துவிட்டேன். காரில் ஏறினேன். பேட்டரி புதிது, ஒரே முறையில் கிளம்பியது.

14, சனி

பிஸ்கட்டைக் குளிப்பாட்டினோம். குளம்புக்கு எண்ணெய் நாளைக் காலைதான். இன்றே போட்டால் மணல் ஒட்டும். பலகை இருக்கும் முன்வாசலைத் தவிர்த்துப் பின்வழியாகப் போனேன்.

கேன்டீனில் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண் குரல்கள்.

"பர்சனல் மேட்டர் லா. போர்டுல ஒட்டணுமா?"

"ஒட்டச் சொன்னதே அவங்கதானாம்."

"வயசானா இப்படித்தான். வெட்கம் போயிடும்."

பால் விடாத தே ஓ குடித்து முடித்தேன். வெட்கம் போகவில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.

15, ஞாயிறு

ஐந்து மணிக்கு விழிப்பு. மேகம். காற்று இல்லை. மாதவிடாய் வரவில்லை. இன்று வரப்போவதாகவும் தெரியவில்லை. வெள்ளைக் கால்சட்டை பீரோவில் மடித்து இருக்கிறது. கருநீலத்தைப் போட்டுக்கொண்டேன்.

லாயம் 7.30. பின்னல் பதினொன்று. கடிவாளம் துடைத்தது. பூட்ஸ், வெளிப்பக்கம் மட்டும். தலை வலைக்குள். கையுறை. கழுத்துத்துணி கட்டினேன். ஊசி?

பலகையில்.

பரிசோதனைக்கு இருபது நிமிடம். ஓடினேன், பூட்ஸோடு.

கடிதத்துக்குக் கீழே, அதே ஊசியில், இன்னும் இரண்டு தாள். ஒன்று மலாயில்: அதே காரணம், அதே நிறம். வங்கியில் வேலை செய்யும் அய்னா. இரண்டு வருடத்தில் நாங்கள் பேசியது காலை வணக்கம் மட்டும். இன்னொன்று நோட்டுப் புத்தகத்தில் கிழித்தது, உருண்டையான எழுத்து. எனக்கும்தான் என்று ஆங்கிலத்தில். ஜூனியர் பிரிவுப் பெண், பதினான்கு இருக்கும். கீழே அம்மாவின் கையெழுத்து. மூன்றிலும் ஓரத்தில் மிஸ்டர் தர்மாவின் பச்சை மை: அனுமதி.

ஊசியில் கை வைத்தேன். எடுத்தால் மூன்றும் விழும். சுற்றிப் பார்த்தேன், பலகையில் வேறு ஊசி இல்லை. கையுறைக் கடிதம்கூட டேப்பில்.

வெறுங்கையோடு திரும்பினேன்.

"எங்க ஊசி?" செல்வி.

"எடுக்க முடியல."

தன் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சொருகிவிட்டாள். "கிட்ட வந்தா தெரியும். தள்ளி நில்லுங்க."

பரிசோதகர், ஈப்போவிலிருந்து வந்த அம்மாள், கிட்ட வந்தார். வெள்ளைக் கைக்குட்டையால் கடிவாளத்தைத் தடவிப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார், எழுதவில்லை. கழுத்தைப் பார்த்தார், எழுதினார். காரணம் சொல்வேன் என்று காத்திருந்தார். காரணம் எழுதிக் கொடுக்கும் வாரம் முடிந்துவிட்டது. சொல்லவில்லை.

ஓட்டம். பிஸ்கட் ஒரு முறைகூட வலது பக்கம் இழுக்கவில்லை. கடைசி வணக்கத்தில் நான்கு காலையும் நேராக ஊன்றி நின்றான். தும்மினான். ஒன்பது பேரில் ஆறாவது.

களத்தில் மொத்தம் மூன்று கருநீலம். அந்தச் சின்னப் பெண் என்னைப் பார்த்தது, நான் தலையசைத்தேன், அதோடு சரி.

மதிப்பெண் தாள். தோற்றம்: பத்துக்கு எட்டரை. குறிப்பு: கழுத்துத்துணியில் முறையான ஊசி இல்லை.

மிஸ்டர் தர்மாவுக்கு ஒரு டப்பா குண்டூசி வாங்க வேண்டும்.