ஃபேமிலிக்கு மட்டும்

இன்று காலை கடை திறக்கப் போகும்போது நம் தெருமுனையில் பெயிண்ட் வாசனை. புதிதாகக் கட்டிய வீட்டு வாசலில் ஒருவர் குந்தி உட்கார்ந்து தகரப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ‘வீடு வாடகைக்கு’ என்பது முடிந்திருந்தது. அதற்குக் கீழே ‘ஃபேமிலிக்கு ம’ வரை வந்திருந்தார். நீ இருந்திருந்தால் நின்றிருப்பாய். ஒன்றும் தெரியாதவள் போல, “அண்ணே, ஃபேமிலினா இன்னாண்ணே?” என்று கேட்டிருப்பாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இன்று நானே நின்றேன். அவர் கடைசி எழுத்துவரை எழுதி முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

நாம் வீடு தேடி அலைந்த கோடை நினைவுக்கு வந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் உன் தையல் கடை, பக்கத்தில் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. உன் கணவர் பெங்களூரில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டிருந்தார். நான் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தேன். அண்ணிக்கு அந்த மூலையும் தேவைப்பட்டது. “ஆளுக்கொரு பக்கம் எதுக்குடி கஷ்டப்படணும்? சேந்து ஒரு வீடு பாக்கலாம்” என்றாய். அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பது போலத்தான் சொன்னாய்.

போன இடத்திலெல்லாம் ஒரே பேச்சு. “ஃபேமிலிக்குத்தாம்மா விடறது.” கொஞ்சம் தன்மையானவர்கள், “உங்க ஃபேமிலி எங்க வேலை செய்றாரு?” என்று கேட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் அப்போதுதான் கோபம் வந்தது. என் கடைக்கு மனு டைப் அடிக்க வரும் ஆண்கள் “ஃபேமிலி ஊருக்குப் போயிருக்காங்க” என்றால் அது மனைவி. ரேஷன் கார்டை நீட்டி “ஃபேமிலி கார்டு ஒரு காப்பி” என்றால் அது வீட்டிலுள்ள அத்தனை பேரும். வாடகைக்கு வீடு கேட்டு நாம் போய் நின்றால் மட்டும் அது ஒரு ஆண்பிள்ளை.

பஸ்ஸில் திரும்பும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “அப்படிப் பாத்தா எங்க ஆளுக்கு ரெண்டு ஃபேமிலிடி. எனக்குத்தான் ஒண்ணுகூட இல்ல” என்றாய். கொஞ்ச தூரம் போனதும், “எங்க வீட்ல உருதுல பொண்டாட்டிய கர்வாலினு சொல்லுவாங்க. கர்னா வீடு. தமிழ்ல?” என்று கேட்டாய்.

“வீட்டுக்காரி.”

“பாத்தியா, ரெண்டு பாஷையிலயும் நாம வீட்டுக்காரிங்கதான். வாடகைக்குக்கூட வீடு கெடைக்கல.”

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். அழுதுகொண்டிருந்த நானும் பிறகு சிரித்தேன்.

கடைசியாக, மனைவியை இழந்து தனியாக இருந்த அந்தப் பெரியவர் வீட்டு மாடிக்குப் போனோம். அவரும் அதையே கேட்டார். “ஃபேமிலியாம்மா?”

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். “ஆமாங்க.”

“யார் யாரு?”

“நானும் இவளும்.”

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சண்ட போட்டுக்குவீங்களா?”

“போட்டுக்குவோங்க.”

“மாடியில போட்டுக்கோங்க, கீழ கேக்கக் கூடாது” என்று சாவியை எடுத்து வந்தார்.

போட்டோம். உனக்கு உப்பு ஜாஸ்தி, எனக்குக் கம்மி. ஒரே குழம்பை இரண்டு சட்டியில் கொதிக்கவிட்ட வீடு நம்முடையது. ஃபேன் வேகத்துக்கும் சண்டை, நீ எனக்குத் தைத்த ரவிக்கையின் கழுத்து இறக்கத்துக்கும் சண்டை. யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் நாம் ஃபேமிலிதானா என்று சந்தேகமே பட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு உன் வயிற்றுவலி. டவுன் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள். நர்ஸ் வெளியே வந்து, “ஃபேமிலி மெம்பர் யாருங்க? கையெழுத்து போடணும்” என்றாள். நான் எழுந்தேன். உன் பெயரையும் என் பெயரையும் பார்த்தாள். “கூடப் பொறந்தவங்களா?” இல்லை. “சொந்தமா?” இத்தனை வருடம் டைப் அடித்தவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வாணியம்பாடியிலிருந்து உன் தம்பி வரட்டும் என்றார்கள்.

உள்ளே கட்டிலில் கிடந்த உனக்கு இது கேட்டுவிட்டது. கத்த உன்னிடம் தெம்பில்லை. மெதுவாகத்தான் சொன்னாய். “அவதாம்மா என் ஃபேமிலி. அவ கையெழுத்து செல்லாதுன்னா எனக்கு ஆபரேஷன் வேணாம். எழுந்து வீட்டுக்குப் போறேன்.” சொன்னபடி ஒரு காலைக் கீழே இறக்கிவைத்தாய். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை என்னிடம் நீட்டினார்.

அந்தக் கையெழுத்தால் நமக்கு இன்னொரு மழைக்காலம் கிடைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

நீ போன அன்று உன் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை என்று தெரியும். நான் சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கும் நேரத்தில் உன் தம்பி, எல்லோரையும் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான். “அக்கா, எடுத்துட்டுப் போலாமா?” என்று கேட்டான். மாமாக்கள், பெரியப்பாக்கள் அத்தனை பேர் இருக்க, உத்தரவை என்னிடம் கேட்டான். நான் தலையை ஆட்டிய பிறகுதான் தூக்கினார்கள். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருக்கிறேன்.

பெரியவரும் போய்விட்டார். போன மாதம் அவர் மகன் வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். “தப்பா நெனைக்காதீங்க. சிங்கிளா லேடீஸுக்கு விடறதில்ல. மாடிய ஒரு ஃபேமிலிக்கு விடலாம்னு இருக்கோம்.”

“ஃபேமிலிதாங்க குடியிருக்கு” என்றேன்.

“நீங்க ஒருத்தர்தானேம்மா?”

“உங்க அம்மா போனப்புறம் உங்க அப்பா கீழ ஒருத்தராத்தான் இருந்தாரு. அவரு ஃபேமிலி இல்லன்னு அவர காலி பண்ணச் சொன்னீங்களா?”

அவர் கீழ்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நான் காலி பண்ணலைங்க. இது எங்க வீடு” என்றேன். எங்க என்றுதான் சொன்னேன், வாய் தவறி அல்ல. அவர் மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே ஆள் வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நீ போய்விட்டாய் என்பதற்காக நான் அந்தச் சொல்லை யாரிடமும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. நேற்று மதியம் அடி அண்ணாமலை பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு, பசியோடு ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். கூட்டம். நேராக உள்ளே ஃபேமிலி ரூமுக்கு நடந்தேன். சர்வர் பின்னாலேயே வந்தார்.

“மேடம், இது ஃபேமிலிக்கு.”

“தெரியும்பா.”

“எத்தன பேருங்க?”

“ஒருத்தர்.”

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு தோளிலிருந்த துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். நான் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டேன்.