கப்பலில் கலர்தான் பெரிசு

4 மே 2007, வெள்ளி

இன்று சொல்லாதது: "நீங்க இதுல தேறிடுவீங்க, அண்ணி." நாக்கு நுனி வரை வந்தது. கண் பட்டுவிடும் என்று விழுங்கிவிட்டேன். இத்தனை படித்தும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

கத்திரி ஆரம்பம். காலையிலிருந்து கரண்ட் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் காற்றோடு வந்து கொடித்துணி எல்லாம் கறுப்பு. மறுபடி துவைக்க வேண்டும்.

வெளிநாட்டு உல்லாசக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள். சீட்டு ஆட அல்ல, ஆடுகிறவர்களுக்கு மேசையில் நின்று பிரித்துப் போட. வயது முப்பதுக்குள். அண்ணிக்கு ஜூனில் முப்பது. இதை விட்டால் இனி இல்லை. அடுத்த சனிக்கிழமை பாரிமுனையில் தேர்வு. ஏஜென்ட் கொடுத்த ஜெராக்ஸ் முழுக்க ஆங்கிலம். படித்துச் சொல்வது என் வேலை. போக்கர் என்று ஒரே ஆட்டம் என நினைத்திருந்தேன். ஒரு குடும்பமே இருக்கிறது.

அம்மா: "சீட்டாடப் போறாளா எம்மருமவ?"

அண்ணி: "ஆடல அத்தே. குடுக்கறதுதான். சோறு போடற மாரி."

"சோறு போட்டா எவனும் வூட்ட வித்துட்டுப் போவ மாட்டான்."

அண்ணன் வேறு. மீன்பிடித் தடைக்காலம், போட் கரையில் கிடக்கிறது, இவன் நாளெல்லாம் வீட்டில். "கடலுக்குப் போறவன் நானு. கப்பலுக்குப் போறவ நீயாமே?"

"கண்ணாலம் ஆன நாளா கரையில நின்னு பாத்துகினு கீறேன். ஒரு நாளு ஒம் போட்டுல கால் வைக்க வுட்டியா? பொம்பள ஏறினா ஆவாதுன்ன. அதான் பெருசா ஒண்ணு பாத்துக்கினேன்."

சாயங்காலம் அவனே போய் இரண்டு கட்டு சீட்டு வாங்கி வந்தான்.

6 மே, ஞாயிறு

வெயில் நேற்றைவிட மோசம். ஆட்டக்காரர்கள்: அண்ணன், அவன் போட் தோஸ்து லோகு, நான். பந்தயத்துக்குக் கிளிஞ்சல். பிரிப்பது அண்ணி.

இன்று வரை புரிந்தது:

டிரா – ஆளுக்கு ஐந்து. பிடிக்காததைக் கொடுத்து வேறு வாங்கலாம். சுலபம்.

ஹோல்டம் – கையில் இரண்டு. நடுவில் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஏழில் சிறந்த ஐந்து.

ஒமாஹா – கையில் நான்கு. அதிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று. கட்டாயம். நான் மூன்று முறை தப்பு செய்தேன். அண்ணி: "வூட்லேர்ந்து ரெண்டு பேரு, தெருவுலேர்ந்து மூணு பேரு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது." அதற்குப் பிறகு தப்பு வரவில்லை.

செவன் ஸ்டட் – பொதுச்சீட்டே கிடையாது. ஏழில் நாலு திறந்து, மூன்று மூடி. இருப்பதிலேயே சின்ன சீட்டைக் காட்டுகிறவர்தான் முதலில் பந்தயம் கட்ட வேண்டும். பாவம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எரிப்பது'. நடுச்சீட்டைத் திறக்கும் முன் மேல் சீட்டு ஒன்றை யாரும் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அதில் யாராவது அடையாளம் வைத்திருந்தால்? அதற்காக. யார் மேலும் பழி சொல்லாமல் எல்லாரையும் சந்தேகப்படும் ஒரு விதி. எவ்வளவு நாகரிகம்!

அண்ணியின் விரல்கள். இறால் ஷெட்டில் உரித்து உரித்துத் தோல் வெந்த விரல்கள். சீட்டு அவற்றிலிருந்து தரையோடு தரையாகப் போய் ஆள் முன்னால் நிற்கிறது. சீட்டின் முகம் தெரிவதே இல்லை. நான் போட்டால் பறக்கிறது.

அண்ணன் நல்ல சீட்டு வந்தால் மீசையைத் தடவுகிறான். சொன்னால் கோபம்.

9 மே, புதன்

சண்டை. லோகுவிடம் ஐந்தும் வரிசை. என்னிடம் ஐந்தும் ஆட்டின். அண்ணி கிளிஞ்சலை லோகு பக்கம் தள்ளினாள். ஜெராக்ஸைக் காட்டினேன்: ஒரே சாதிச் சீட்டு, அதாவது கலர்தான் மேலே.

லோகு குதித்தான். "சீக்வென்ஸ்தான்பா பெருசு! காசிமேடு பூரா கேளு."

அவன் சொல்வதும் சரி. இங்கே எல்லாரும் ஆடுவது மூணு சீட்டு. அதில் வரிசைதான் கலரை அடிக்கும். அண்ணி பிறந்ததிலிருந்து பார்த்தது அது.

"கப்பல்ல கலர்தான் பெருசு, லோகு. குடு கிளிஞ்சல." அண்ணி பிடுங்கி என்னிடம் தந்தாள். ஆனால் அடுத்த முறையும் கை வரிசைப் பக்கமே போயிற்று. அதற்கடுத்த முறையும். மனசுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை.

மொட்டைமாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று சீட்டில் வரிசை அரிது. ஐந்து சீட்டில் கலர் அரிது. அரிதானதுதான் பெரிது, அவ்வளவே. கூட இரண்டு சீட்டு சேர்ந்ததும் மேல் கீழாகிவிடுகிறது. பெரியது சிறியது என்று பிறந்ததிலிருந்து நமக்குச் சொல்லிவைத்த மற்றதெல்லாம்கூட எத்தனை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதோ.

உப்பு வாங்க மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

12 மே, சனி

தேர்வு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். சத்தம் கேட்காது, பார்க்கலாம். மொத்தம் பதினைந்து இருபது பேர், எல்லாம் பேன்ட் சட்டைப் பையன்கள். அண்ணி என் வெள்ளைச் சுடிதாரில், கொஞ்சம் இறுக்கம்.

டிரா, ஸ்டட் நன்றாகப் போயிற்று. ஒமாஹாவில் ஒருவன் மூன்று சீட்டைக் கையிலிருந்து எடுத்தான். சிரித்துக்கொண்டே ஒன்றைத் திருப்பி வைத்தாள்.

ஹோல்டம். கடைசியில் இரண்டு பேர் சீட்டைத் திறந்தார்கள். அண்ணியின் கை பந்தய வில்லைகளை ஒருவர் பக்கம் தள்ளியது. தள்ளிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மறுபடியும் வரிசைப் பக்கம். யாரும் தடுக்கவில்லை. தோற்றவராக உட்கார்ந்திருந்தவர்தான் தேர்வு அதிகாரி. அவரும் சும்மா இருந்தார்.

அண்ணி சீட்டை வாரக் கை நீட்டினாள். நின்றாள். உள்ளங்கையை மேசை மேல் பரப்பி வைத்து ஏதோ சொன்னாள். பிறகு எல்லா வில்லைகளையும் திரும்ப நடுவுக்கு இழுத்து, நிதானமாக அந்த அதிகாரி பக்கம் தள்ளினாள். முகத்தில் எதுவும் இல்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

பஸ்ஸில் கேட்டேன்.

"மை மிஸ்டேக் சார்னேன். ஏம்மா, நீ வாரியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சீட்டு தொறந்து கீதே சார்னேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பூட்ச்சு சுதா. உடு."

இறங்கும்போது தலைவலி என்றாள். சோடா வாங்கிக் கொடுத்தேன்.

14 செப்டம்பர், வெள்ளி

இந்த நோட்டை எடுத்து நான்கு மாதம். மழை, தூறல்தான்.

தேர்வானவர்கள் மூன்று பேர். அண்ணி அதில் ஒருத்தி. பாஸ்போர்ட், மெடிக்கல், விசா எல்லாம் முடிந்து இன்று காலை மும்பைக்கு ரயிலேறினாள். அங்கிருந்து கப்பல். ஒன்பது மாதம். அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. நான் திரும்பி வந்தபோது குப்பத்து மணலில் நின்று லோகுவிடம், மும்பைப் பக்கம் இப்போது காற்று எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.