கூடவே சுற்றிய நட்டு

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நேற்று இங்கே ஷார்ஜா ஒர்க்‌ஷாப்பில் ஒரு கூத்து. கார் சீட்டைக் கழற்றும்போது போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை.

"அண்ணாச்சி, அடியில நட்டும் கூடவே சுத்துது, ஒரு ஆளு பிடிக்கணும்" என்றேன்.

ஃபோர்மேன் வாசுதேவநல்லூர்க்காரர்தான். "சும்மா இருல, எனக்குத் தெரியும்" என்று போல்ட் கழற்றும் ஏர் கன்னை இன்னும் அழுத்தினார். போல்ட் சூடேறியதுதான் மிச்சம். குனிந்து பார்த்தால் அவர் சட்டை இஸ்திரி கலைந்துவிடுமே! கடைசியில் நான்தான் அடியில் படுத்து ஸ்பேனரால் நட்டைப் பிடித்தேன். போல்ட் வந்ததும், தானே கழற்றியதாகக் கார்க்காரரிடம் இளிக்கிறார். தூ!

ஆடித்தபசுத் திருவிழா சவாரிக்கு நம் வேன் சீட்டை மாற்றியபோது, "நான் பிடிச்சிக்கிடுதேன், நீங்க திருகுங்க" என்று நீயாக அடியில் புகுந்தாய். அந்த அறிவு இவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இங்கே வருகிற ஆள் யாரிடமாவது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடு. கேம்ப் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். வேனை விலைக்குக் கேட்டு சங்கரன்கோவில் புரோக்கர் எவன் வந்தாலும் கொடுத்துவிடாதே.

இசக்கித்துரை