கவர் கிழிக்காத கன்றுகள்

மேசைமேல் ஒரு கறுப்பு பாலித்தீன் கவர் கிடக்கிறது. நர்சரியில் மரக்கன்று வளர்க்கிற சாதாரணக் கவர். இன்று காலை நானே கிழித்தது. அதிலிருந்து அழுகிய வேரின் வாடை வருகிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களை விட்டுப் போகவில்லை. இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது, மாப்ள?

பணி ஓய்வுக்குப் பிறகு நாம் இருவரும் பெரம்பலூரில் முதுகலை வகுப்பில் சேர்ந்தபோது, ‘நீடித்த வளர்ச்சி’ என்ற பாடத்தின் பெயரே எனக்குப் பிடித்திருந்தது. செந்துறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்தபடி கேட்பாய்: “மாப்ள, நாம படிச்சு முடிக்கிற வரைக்கும் ஊரு மிச்சம் இருக்குமாடா?” நான் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஆய்வுக்காக அரியலூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்துக்குப் போனோம். தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் அன்று மரம் நடும் விழா. பந்தல், பொன்னாடை, கைதட்டல். எல்லாரும் கலைந்ததும் நீ குனிந்து ஒரு வேப்பங்கன்றை லேசாக இழுத்தாய். கவரோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

பக்கத்தில் நின்ற சுரங்க நர்சரி மேற்பார்வையாளர் பதறவே இல்லை. “வச்சிருங்க சார். சாயங்காலம் எல்லாத்தையும் எடுத்து உள்ள அடுக்கிருவோம். அடுத்த விழாவுக்கு வேணும்ல?”

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “கேட்டுக்கடா மாப்ள. ஒரே கன்னு, வருஷா வருஷம் நடுறாங்க. இதவிட நீடிச்சது ஒலகத்துல உண்டா?” எனக்குச் சிரிப்பு வரவில்லை; பிடுங்கிய கன்றுகளைக் குழியிலேயே திருப்பி வைத்தேன். பஸ் ஏறும்போது தோளில் தட்டிச் சொன்னாய்: “நீ பயந்தாங்கொள்ளிதான். ஆனா பாத்தத பாத்தபடி எழுதுவ. எழுது.”

எழுதினேன். ஆய்வேட்டில் அது ஒரே ஒரு பத்தி. நெறியாளர் அதைப் படிப்பதற்குள் நீ இறந்துபோய்விட்டாய். அவர் என் மகளைவிட இளையவர். “சார், இத எடுத்துட்டு, மரக்கன்றுகள் நடப்பட்டனன்னு மட்டும் போடுங்க. பொய்யில்லதானே? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் வம்பு? பட்டத்த வாங்கிட்டுப் போங்க.”

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒரு தாளில் அவர் சொன்னபடி எழுதியும் பார்த்தேன். பொய்யில்லாத, உண்மையும் இல்லாத அந்த வாக்கியத்தை என் கையெழுத்தில் பார்த்தபோது என்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் நம் பத்தியை அப்படியே விட்டுவைக்கத் துணிவில்லை. நாம் பார்த்தது என்றோ ஒருநாள் நடந்த கோளாறுதானோ என்று மனம் சாக்குத் தேடியது.

இன்று அதே மேட்டில் மறுபடியும் விழா. மூத்த மாணவர் என்று என்னையும் கூப்பிட்டு, தோளில் துண்டு போர்த்தி, கையில் ஒரு வேப்பங்கன்றைக் கொடுத்தார்கள். தண்டு முற்றியிருந்தது, இலை பத்துகூடத் தேறாது. குழியருகே உட்கார்ந்தேன். வீட்டுச் சாவியை எடுத்துக் கவரைக் கிழித்தேன்.

“சார், சார்! கவர கிழிக்காதீங்க!” என்று போட்டோக்காரர் கத்தினார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அதே ஆள்தான். “என்ன சார் நீங்க! எத்தன விழா பாத்த கன்னு தெரியுமா இது?” என்றார், வளர்த்த ஆட்டை அறுத்துவிட்டதைப் போல.

உள்ளே வேர் கயிறுபோலச் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரித்துக்கொண்டிருந்தது. பாதி அழுகல். அழுகியதை நீக்கி, மீதியைப் பிரித்துவிட்டு நட்டேன். அது பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த விழாவுக்கு எடுத்துப்போக முடியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும், நெறியாளர் சொன்ன வாக்கியத்தை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். நம் பத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாளை ஆய்வேட்டை ஒப்படைத்ததும் வாய்மொழித் தேர்வு. பட்டம் தருவார்களோ என்னவோ. கேள்வி கேட்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா? அதனால் இந்தக் கவரைக் கழுவாமல் மடித்து எடுத்துப் போகிறேன். பேச வரவில்லையென்றால் அவர்கள் முன்னால் பிரித்து வைப்பேன். அவர்களும் கொஞ்சம் முகர்ந்து பார்க்கட்டும்.