இஞ்சிப் பாலுக்கு ஒரு பதில்

அப்பாவுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. உறையின் மேலிருந்த கையெழுத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு முறை பார்த்தாள். குக்கர் விசில் அடிக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். அன்று அடுப்பில் குக்கரே இல்லை.

பிரித்துப் படித்தேன். சீனர்கள் செய்யும் இஞ்சிப் பால். இஞ்சி முற்றியதாக இருக்க வேண்டும், இளசு உதவாது. தோல் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். சாற்றைக் கிண்ணத்தில் வைத்து, அடியில் தங்கும் வெள்ளையைக் கலக்கிவிட வேண்டும். பாலில் சர்க்கரை போட்டுச் சுடவைத்து, உயரத்திலிருந்து ஒரே மூச்சில் அதன்மேல் ஊற்ற வேண்டும். அப்புறம் கிளறக் கூடாது, தொடக் கூடாது, பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. தானே உறையும். நெஞ்சுக்கு இதம்.

தாளின் இரண்டு பக்கமும் இஞ்சி. நாங்கள் கடைசி மூலையில் இருந்தோம். இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பக்கவாட்டில் எழுதிய ஒரு வரி. வீட்டுக்கு வரலாமா, ஒரு வார்த்தை எழுதினால் புறப்பட்டு விடுவேன்.

வேலைக்கு என்று போனவர் நீங்கள். அப்போது நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன். இப்போது எனக்கு வேலைச் சீருடை இருக்கிறது. நடுவில் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து, இஞ்சி.

அம்மாவுக்கு இருமல் என்று மாமா சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மாமாவிடம் விசாரித்தேன். "மனுஷன் போன்லயே அழுதுட்டாரும்மா" என்றார். மாமா சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் தன் தங்கையை நினைத்துக் கண் கலங்குகிறவர்.

இருமல் உண்மைதான். அம்மா தெருமுனைச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க ஆவியில் நிற்கிறாள், அப்படியே ஈரக் காற்றில் இறங்கி நடந்து வருகிறாள். கேட்டால், "உள்ளே வேகுது, வெளியே விறைக்குது. நடுவுல இருமாம என்ன பாட்டா பாடுவேன்?" என்கிறாள். சளியை எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நானே பார்த்தேன். பயப்பட ஒன்றும் இல்லை. ஒருவேளை நீங்கள் பயந்திருந்தால்.

உங்கள் செய்முறையை அவளுக்குப் படித்துக் காட்டப் போனேன். "அவருக்கு அடுப்பு எந்தப் பக்கம் எரியும்னாவது தெரியுமா?" என்று கேட்டாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் இருமலாகிவிட்டது.

அவள் கேட்டது நியாயம். இந்த வீட்டில் நீங்கள் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து "தண்ணி" என்பீர்கள். யாரை நோக்கிச் சொல்கிறீர்கள் என்பதுகூட இருக்காது. வெறும் தண்ணி. அது எப்படியோ வந்து சேரும். அந்த மனிதர் இப்போது சீனச் சமையல்கடை ஒன்றின் பின்கட்டில் காய் நறுக்குகிறார். கடைக்காரம்மாவிடம் பால் ஊற்றும் உயரத்தைக் கற்றுக்கொள்கிறார். நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது அந்த அம்மாள் இதைச் செய்துகொடுத்தாராம். நல்லது. எங்கும் யாராவது ஒரு பெண்பிள்ளை உங்களுக்கு எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். அது ஒரு யோகம்.

பதில் என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டேன். துவைத்த துணியை உதறிக்கொண்டே, "உனக்கு அப்பா. நீ எழுது. என்னை இதுல இழுக்காதே" என்றாள். வரச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா என்றேன். துணியில் ஒரு பொத்தான் போயிருப்பதாகச் சொன்னாள்.

ஆக, முடிவு என் தலையில்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சோதனைக்கு வரும் குப்பி யாருடையது என்று பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதை மட்டும் பார்ப்போம். உங்கள் கடிதத்தையும் அப்படிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். பால் உறைந்தால், ஒரு விஷயத்திலாவது உண்மை சொல்கிற ஆள், வரட்டும். உறையாவிட்டால் வர வேண்டாம். அற்பமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு மனிதரை எடைபோட அவர் அனுப்பியது அது ஒன்றுதானே.

செய்தேன். இஞ்சி முற்றியது. சாறு பிழிந்ததில் நகக்கண் எரிந்தது. மாடி வீட்டு அக்கா சர்க்கரை கேட்டு வந்தவள், கேட்டதை மறந்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாள். "பால்ல இஞ்சியா? திரிஞ்சுடும்டி. எந்தக் கிறுக்கன் சொன்னான்?" என்றாள். என் அப்பா என்றேன். "ஓ, இருக்காரா?" என்றாள். அந்தக் கேள்வியை நீங்கள் இங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும்.

பால் பொங்கி வந்ததும் இறக்கி, உயரத்திலிருந்து ஊற்றினேன். கிளறவில்லை. தொடவில்லை. நின்று பார்க்கவும் இல்லை, பக்கத்து அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் மஞ்சளான தண்ணீர், அதில் அங்கங்கே திப்பித் திப்பியாக வெள்ளை. சோதனைக் கூடத்தில் இப்படி ஒரு குப்பி வந்தால் அந்த நோயாளியை உடனே கூப்பிட்டு அனுப்புவோம்.

சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. ஏளனம் எனக்கு உங்களிடமிருந்து வந்தது, மூக்கும் அப்படித்தான். இரண்டையும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். உடனே தாளை எடுத்து, வர வேண்டாம் என்று எழுதினேன். சுருக்கமான கடிதம். நன்றாக வந்திருந்தது.

அம்மா கடையிலிருந்து வந்தாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "பொங்க விட்டியா?" என்றாள்.

பாலைப் பொங்க விடாமல் வேறு என்ன செய்வது என்று கேட்டேன்.

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினா எப்படிடி உறையும்? ஓரத்துல முத்து முத்தா நுரை கட்டினதும் இறக்கிடணும்னு எழுதியிருக்காரே. கோடு வேற போட்டிருக்காரே கீழே" என்றாள்.

கோடு போட்டிருக்கிறீர்கள். நான் அந்த வரியைப் படித்தேன், நம்பவில்லை. காய்ச்சாத பாலை எந்த வீட்டில் குடிப்பார்கள்? அடுப்படி தெரியாதவர் எழுதியது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஆனால் விஷயம் அதுவல்ல. கடிதத்தைக் கையால்கூடத் தொடாதவள் அம்மா. படித்துக் காட்டப் போனபோது கையை ஆட்டி நிறுத்தியவள். அந்த வரியின் கீழிருக்கும் கோடு அவளுக்கு எப்படித் தெரியும்?

கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லாத குக்கர் விசில் அடித்திருக்கும்.

முகம்கூடக் கழுவாமல் அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். பச்சைப் பாலைக் குடிக்க முடியாது என்று உங்களையும் சேர்த்துத் திட்டினாள். நம் வழக்கப்படி பொங்க விட்டு இறக்கினாள். பிறகு பாத்திரத்திலிருந்து சொம்புக்கும் சொம்பிலிருந்து பாத்திரத்துக்கும் ஆற்றினாள். ஆவி கொஞ்சம் தணிந்ததும் சொம்பை உயரத் தூக்கி, இஞ்சிச் சாற்றின்மேல் ஒரே ஊற்றாக ஊற்றினாள். கடிதத்தைப் பார்த்துச் செய்கிறவள் போல இல்லை. மனப்பாடம் செய்தவள் போல இருந்தது. உங்கள் சீனக் கடைக்காரம்மா பார்த்தால் ஒப்புக்கொள்வாரோ என்னவோ.

உறைந்தது. முழுக்க இல்லை. கிண்ணத்தைச் சாய்த்தால் மெல்ல அசைகிற அளவுக்கு, கரண்டியில் எடுத்தால் வழுக்குகிற அளவுக்கு. இதைக் குடிப்பதா, சாப்பிடுவதா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுவதில் எப்போதுமே முக்கியமானதை விட்டுவிடுகிறீர்கள். அவள் கிண்ணத்தின் விளிம்பிலேயே வாயை வைத்து உறிஞ்சினாள். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம்.

"இஞ்சி தூக்கல்" என்றாள். எனக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கவில்லை.

இருமல் போய்விடவில்லை. மறுநாளும் இருமினாள், இப்போதும் இருமிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் ஏதோ குணப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மருந்தல்ல, சூடான பால். அதைச் செய்யத் தெரிந்ததால் நீங்கள் வேறு மனிதராகிவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை. பால் உறையும் சூடு தெரிந்திருப்பது ஒரு தகவல். குணம் வேறு.

ஆனால் நான் வைத்த நிபந்தனை உறைவதா, உறையாதா என்பதுதான். உறைந்துவிட்டது. முடிவு பிடிக்கவில்லை என்று அதை மாற்றி எழுதும் வழக்கம் எங்கள் கூடத்தில் இல்லை. முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது என்று சொன்னேனே, அதுதான் வருத்தம்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அவள் வரச் சொன்னதாக நீங்கள் எங்கும் போய்ச் சொல்லிக்கொள்ளக் கூடாது. மாமாவிடம் முக்கியமாகச் சொல்லக் கூடாது. அவள் கதவைத் திறக்காமலும் போகலாம். திறந்து, பேசாமல் உள்ளே போகலாம். எதையும் நீங்கள் குறையாகச் சொல்ல முடியாது. விளக்கங்கள் எதையும் கொண்டுவர வேண்டாம். யாருக்கும் இங்கே அதைக் கேட்க நேரமில்லை. எனக்குச் சுத்தமாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சலவைக்கடைக்கு விடுமுறை, அவள் வீட்டில் இருப்பாள். பேருந்து நிலையத்திலிருந்து நேராக வரும் பழைய வழியை மூடிவிட்டார்கள், பள்ளத்தில் விழுந்து வைக்காதீர்கள். மருந்துக்கடைப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். வாசலில் இப்போது அழைப்புமணி இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் போதும், உள்ளே கேட்கும்.

காற்று ஈரமாக இருக்கிறது. நெஞ்சை மூடிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக வந்து சேருங்கள்.

அந்த ஞாயிறு எனக்கு வேலை நாள். விடுப்புச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மகள்